புளித்த மாவும் புளித்துப்போன மாவும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் நத்தம் சாலைப் பக்கம் 22 வருடமாக இட்லி, தோசை மாவுக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் நாளிதழைத்தான் கடைக்கு வாங்கிப் போடுகிறேன். மாவு வாங்க வருகிறவர்கள் நின்றபடியே இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். போன வாரம் உள்ளூர்ப் பக்கத்தில், "புளித்த மாவு விற்ற கடைகளுக்கு அபராதம்" என்று ஒரு தலைப்புப் போட்டிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

செய்தியை மூன்று தடவை படித்தேன். மூடி இல்லாத வாளியில் மாவு இருந்தது, மேலே பூஞ்சணம் படிந்திருந்தது, பாக்கெட்டில் தேதி இல்லை என்று உள்ளே எழுதியிருக்கிறது. அந்தக் கடைகளுக்கு அபராதம் போட்டது நியாயம். அப்படி ஒருத்தர் விற்றால் எங்கள் எல்லாருக்கும்தான் கெட்ட பெயர். அதிகாரிகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வருத்தம் அந்தத் தலைப்பின் முதல் சொல்லில் இருக்கிறது.

அன்று காலை எட்டு மணி இருக்கும். பல வருடமாக என்னிடம் மாவு வாங்குகிற பெண், தங்கச்சி மாதிரி. முந்தின நாள் சாயங்காலம் வாங்கிய பாக்கெட்டைப் பிரிக்காமல் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "அக்கா, இது புளிச்சிருக்கு. புளிச்ச மாவு விக்கக் கூடாதுன்னு பேப்பர்ல போட்டிருக்கு. பிள்ளைகளுக்குக் குடுக்கப் பயமா இருக்கு" என்றாள். பாக்கெட் நன்றாக உப்பி, விரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. எங்கள் தொழிலில் அதைவிட நல்ல மாவு கிடையாது. எடுத்துச் சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை. "புளிக்காததா ஒண்ணு குடுங்க" என்றாள். அன்று விடியற்காலையில் ஆட்டின மாவைக் கொடுத்து அனுப்பினேன். அதையும் ராத்திரி வெளியே வைத்துப் புளிக்க விட்டுத்தானே இட்லி ஊற்றப் போகிறாள்? அதை அவளிடம் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பயந்து வந்த தாயிடம் வாதாட மனசு வரவில்லை.

அந்த வாரம் தினமும் எட்டு, பத்துப் பாக்கெட் மிஞ்சியது. "உங்க மாவு புளிச்ச மாவா?" என்று கேட்டுவிட்டே வாங்கினார்கள். முதல் நாள் அப்படி ஒருத்தர் கேட்டபோது எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆமாம் என்று சொன்னால் குற்றவாளி மாதிரி ஆகிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

புளிப்பு என்பது என் கடையில் என்ன என்று சொல்கிறேன். ஒரு நாளைக்கு 24 கிலோ இட்லி அரிசிக்கு 6 கிலோ உளுந்து, ஒரு கைப்பிடி வெந்தயம். உளுந்தைத் தனியாக ஆட்டி, அரிசியைத் தனியாக ஆட்டி, ராத்திரி பத்து மணிக்குப் பெரிய அண்டாவில் இரண்டையும் சேர்த்துக் கல்லுப்புப் போட்டுக் கலக்குவேன். கரண்டி போடமாட்டேன். கையை முழங்கை வரை கழுவிவிட்டு, அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கிக் கலக்க வேண்டும். "கைச்சூடு பட்டாத்தான் புளிக்கும்" என்பார் என் மாமியார். சித்திரையில் ஐந்து, ஆறு மணி நேரத்தில் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் வழிந்துவிடும். மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் அசையாது. அப்போது அண்டாவைச் சுற்றிக் கோணிச் சாக்கைப் போர்த்தி, கிரைண்டர் சூடு படுகிற மூலைக்கு நகர்த்தி வைப்பேன்.

விடிகாலை நாலு மணிக்கு மூடியைத் திறக்கிற நேரம் இந்த 22 வருடத்தில் எனக்குச் சலித்ததே இல்லை. மேலே சின்னச் சின்னக் குமிழாகக் கட்டியிருக்கும். ஓரத்தில் கரண்டியை விட்டால் மாவு 'புஸ்' என்று மூச்சு விட்டு அமரும். மோர் வாடையும் பச்சை உளுந்து வாடையும் கலந்து வரும். ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைப்பேன். முதலில் உப்புத் தெரியும். பிறகு நாக்கின் ஓரத்தில் புளிப்புத் தட்டும். தட்டினால் போதும், அது இட்லிப் பதம். மறுநாள் 'புளிச்சிருக்கு' என்று வாய்விட்டுச் சொல்கிற அளவுக்கு வந்துவிடும். அது தோசைக்கு. கல்லில் ஓரம் சிவந்து முறுகி வருவது அந்த மாவில்தான். அதற்கும் அடுத்த நாள் 'புளிப்பு ஏறியிருக்கு' என்பேன். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ ஊற்றிவிட வேண்டும். அதையும் தாண்டினால்தான் 'புளிச்சுப் போச்சு'. அந்த மாவு என் கடையில் யார் கைக்கும் போகாது.

என் மகள் நுண்ணுயிரியல் படித்தவள். அந்தக் குமிழ் எப்படி வருகிறது என்று அவள்தான் எனக்கு விளக்கினாள். லியூகோநாஸ்டாக் என்று ஒரு பாக்டீரியா. அதை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து போடுவதில்லை, உளுந்தோடு கூடவே வருகிறது. மாவில் இருக்கிற சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமும் காற்றும் விடுகிறது. அந்தக் காற்றை உளுந்தின் கொழகொழப்புப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு பொங்குகிறது. அமிலத்தால் புளிக்கிறது. தயிரில் இருப்பதும் இதே லாக்டிக் அமிலம்தான். பொங்குவதும் புளிப்பதும் ஒரே கையின் இரண்டு வேலை. புளிப்பை அளக்கிற எண்ணுக்குப் பி.எச். என்று பெயர், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஆட்டின உடனே மாவின் பி.எச். 6-க்குப் பக்கத்தில் இருக்கும், நன்றாகப் புளித்தபின் 4.5-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்றாள். அந்தப் புளிப்பில் கெடுதல் செய்கிற கிருமிகள் பலவற்றால் வளர முடியாது. உங்கள் தலைப்புப்படி பார்த்தால், எது மாவைக் கொஞ்ச நாளைக்குக் காப்பாற்றுகிறதோ அதற்குத்தான் அபராதம் போட்டதாக ஆகிறது.

இவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "அப்பத்தா, மாவு நொதிச்சிருச்சா?" என்று கேட்டாள். என் மாமியார், "என்னது பொதிச்சிருச்சா?" என்று திருப்பிக் கேட்டார். நொதித்தல் என்கிற சொல் மேல் எனக்கு மறுப்பு இல்லை. பரீட்சையில் அதைத்தான் எழுத வேண்டும். ஆனால் அடுப்படியில் எங்களுக்கு இருக்கிற சொல் புளித்தல்தான். அதைக் கெட்ட சொல்லாக ஆக்கிவிட்டால், ராத்திரி படுக்கப் போகும்போது எந்தச் சொல்லைச் சொல்லி அடுப்படியில் கேட்பது?

புளித்த, புளித்துப்போன இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு 'போ' இருக்கிறது. அந்தப் 'போ'வைத்தான் உங்கள் தலைப்பு விட்டுவிட்டது. இது என் மாவுக்கு மட்டும் உள்ள வழக்கமா? "தேங்காய் முத்தியிருக்கு" என்றால் நல்ல காய், துருவினால் பால் வரும். "வெண்டைக்காய் முத்திப் போச்சு" என்றால் தூக்கிப் போட வேண்டியது. "காப்பி ஆறியிருக்கு" என்றால் குழந்தைக்குக் கொடுக்கலாம், "ஆறிப்போச்சு" என்றால் வந்தவருக்குக் கொடுக்கக் கூடாது. வாழைப்பழம் கனிந்திருக்கலாம், கனிந்து போகவும் செய்யலாம். நடக்க வேண்டியது நடந்திருக்கிறது என்பதற்கு ஒரு வினை, அளவு தாண்டிக் கையை விட்டுப் போய்விட்டது என்பதற்கு அதே வினையோடு ஒரு 'போ'. படித்தவர், படிக்காதவர் எல்லாரும் இதைத் தப்பில்லாமல் சொல்கிறோம். திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சைக் "காது புளிச்சுப் போச்சு" என்கிறோமே, யாராவது "காது புளிச்சிருக்கு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அரசியல் செய்தியில் "புளித்துப்போன வாக்குறுதி" என்று நீங்களும் எழுதுகிறீர்கள். அங்கே 'போ' சரியாக வந்து நிற்கிறது. மாவுச் செய்தியில்தான் அது விடுபட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியில் சொன்ன மாவு புளித்துக்கூடப் போகவில்லை, பூஞ்சணம் பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றும் கெடுவதற்கு நம்மிடம் தனித்தனிச் சொல் உண்டு. பால் திரியும். சோறும் வடையும் ஊசும், ஊசின வடையைப் பிட்டால் நூல் நூலாக வரும். எண்ணெய் பழசானால் காறல் அடிக்கும். பழம் அழுகும். ஊறுகாயில் ஈரக்கை பட்டால் பூசணம் பூக்கும். என் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் கண் சரியாகத் தெரியாது. தூக்குவாளியின் மூடியைத் திறந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "இது புளிப்பு, சாப்பிடலாம்", "இது ஊசல், கொட்டு" என்பார். ஒரு நாளும் தப்பினதில்லை. மூக்கால் இவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்ததை அச்சில் ஒரே சொல்லில் போட்டுக் கலக்கலாமா?

நான் பிறந்தது நத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நத்தம் பக்கம் புளி வியாபாரம் பெரிது என்பது உங்களுக்குத் தெரியும். மாசி, பங்குனியில் மரத்தை உலுக்குவார்கள். காயவைத்த புளி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். என் அம்மா அதில் ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்கிற வேலைக்குப் போனார். கிலோக் கணக்கில் கூலி. சாயங்காலம் வரும்போது நகக்கண்ணெல்லாம் கறுத்திருக்கும், விரல் நுனியில் தோல் உரிந்திருக்கும். ராத்திரி சோற்றில் உப்புப் போட்டுப் பிசையும்போது எரியும் என்று இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுவார். இன்றைக்கும் கடையில் கொட்டை எடுத்த புளியைப் பொட்டலமாகப் பார்த்தால் எனக்கு அந்த விரல்கள்தான் தெரியும்.

அந்த வேலைக்குப் போகும்போது அம்மா கொண்டுபோனது கம்மங்கூழ். முதல் நாள் காய்ச்சி வைத்து, ராத்திரி முழுக்கப் புளித்த கூழ். காலையில் மோர் விட்டுக் கரைத்து, கல்லுப்புப் போட்டு, இரண்டு சின்ன வெங்காயத்தோடு தூக்குவாளியில் எடுத்துப் போவார். அந்த வெயிலில் புளி தட்டுகிறவர்களுக்கு அந்தக் கூழ்தான் தெம்பு. கூழ் சரியாகப் புளிக்காத நாளில், "இன்னைக்குக் கூழு சப்புன்னு இருக்கு" என்று குறைப்பட்டுக்கொள்வார். நாள் முழுக்க ஒரு புளியைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் இன்னொரு புளியைத் தேடினவர் அவர். அப்போது எனக்கு இது தோன்றவில்லை.

இது தோன்றக் காரணம் எங்கள் தெருவில் இருக்கிற ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தினமும் அரைக் கிலோ மாவு வாங்குவார். உங்கள் தலைப்பைக் காட்டி அவரிடம் புலம்பினேன். மேசையில் கிடந்த துண்டுச் சீட்டை எடுத்து, "ஏம்மா, நீ சொல்ற வித்தியாசத்துல பாதியைத் தொல்காப்பியமே சொல்லியிருக்கே" என்று இரண்டு வரி எழுதிக் காட்டினார். "புளிமரக் கிளவிக்கு அம்மே சாரியை" என்று ஒன்று. "ஏனைப் புளிப்பெயர் மெல்லெழுத்து மிகுமே" என்று அடுத்தது. புளி என்று மரத்தைச் சொன்னால் நடுவில் 'அம்' வரும். புளியங்காய், புளியங்கொட்டை, புளியந்தோப்பு. 'ஏனைப் புளி' என்றால் மற்றப் புளி, சுவையைச் சொல்கிற புளி. அதற்கு 'அம்' வராது, புளிங்கூழ், புளிந்தயிர் என்று மெல்லெழுத்து வரும். புளிக்கூழ் என்று வல்லெழுத்து வந்தாலும் குற்றமில்லை என்று அதற்கு அடுத்த சூத்திரம் சொல்கிறதாம்.

புளிங்கூழ் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் அம்மாவின் தூக்குவாளிக்குள் இருந்தது அதுதானே. அவருக்கு ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் புளியங்கொட்டை என்பார், புளிக்குழம்பு என்பார். புளிக்கொட்டை என்றோ புளியங்குழம்பு என்றோ அவர் வாயில் வந்ததில்லை. கரைத்துக் குழம்பில் விட்டபிறகு அது மரத்தின் புளி இல்லை, நாக்கின் புளி. கூழும் தயிரும் புளியமரத்தைப் பார்த்ததுகூட இல்லை, பானையில் இருந்தே தானாகப் புளிக்கின்றன. அதற்கென்று அத்தனை காலத்துக்கு முன்பே ஒரு விதி எழுதி இடம் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் கடைக்கு யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவரும் வருவார். கடையில் வாங்குகிற புளியை அவர் 'பழப்புளி' என்றுதான் சொல்வார். எலுமிச்சையைப் பிழிந்தால் அது அவருக்கு 'தேசிக்காய்ப்புளி'. வெறும் 'புளி' என்றால் அது எந்தப் புளிப்பாகவும் இருக்கலாம் என்பதால் முன்னால் ஒரு சொல் சேர்க்கிறார்கள். தேவாலயத்துக்குப் போகிற டீச்சரம்மா ஒருவர், வேதத்தில் 'புளிப்பில்லா அப்பம்' என்று வரும் என்றார். பொங்காமல் சுட்ட அப்பம். அப்படியென்றால் மாவைப் பொங்க வைக்கிறதற்கே தமிழில் புளிப்பு என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு பழக்கம். யாருடைய வாயிலும் புளிப்பு என்பது அழுகலாகவோ அழுக்காகவோ வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், இப்போது மாவு வாங்குகிற சின்னப் பெண்கள் பலர் வீட்டில் ஆட்டிப் பார்த்தவர்கள் இல்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்துச் சொல்ல வீட்டில் ஒரு பாட்டி இல்லை. அவர்களுக்குப் பாக்கெட்டும், நீங்கள் அச்சடிக்கிற எழுத்தும்தான் துணை. "புளித்த மாவு" என்று நீங்கள் போட்டால் அவர்கள் நல்ல மாவைக் குப்பையில் கொட்டுகிறார்கள். அதைவிட மோசம், பூஞ்சணம் பிடித்த மாவையும் "கொஞ்சம் புளிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்று நினைத்து ஊற்றவும் செய்வார்கள். அந்தச் செய்தியால் அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்ன? மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ சிவப்பாகவோ படர்ந்திருந்தால், மோர் வாடை போய் அழுகல் வாடை வந்தால், அதைக் கையால்கூடத் தொடாமல் கொட்டுங்கள். மேலே இருக்கிறதை மட்டும் வழித்துவிட்டு அடியில் இருப்பதை ஊற்றாதீர்கள். பொங்கி, குமிழ் கட்டி, நாக்கில் புளிப்புத் தட்டினால் பயப்படாதீர்கள். இந்த நாலு வரி செய்தியோடு வந்திருந்தால் எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கும்.

செய்தி எழுதினவரைக் கண்டிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவசரத்தில் எழுதியிருப்பார். அவர் வீட்டிலும் புளித்த மாவில்தான் இட்லி ஊற்றுகிறார்கள். "கெட்டுப்போன மாவு விற்ற கடைகளுக்கு அபராதம்" என்பதே சரி என்று, அதே உள்ளூர்ப் பக்கத்தில், ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். போட்டால் அதைக் கத்தரித்து என் கடைக் கண்ணாடியில் ஒட்டுவேன். அந்தத் தங்கச்சி போன வாரம் சொன்ன அந்தச் செய்திப் பக்கத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த தடவை வரும்போது இரண்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மாவுக் கடை நடத்தும் வாசகி,
மதுரை.